என் கைப்பேசியில் எந்தச் செயலிக்கு இடம்?

பள்ளி திறந்த இரண்டாவது வாரம். ஒன்பதாம் வகுப்பில் ‘ஒளி’ பாடம் தொடங்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு முந்தைய ஆண்டு நானே தயாரித்த பயிற்சித்தாள் ஒன்று இருந்தது. குழியாடியின் முன்னால் பொருளை ஆறு இடங்களில் வைத்து, பிம்பம் எங்கே விழும் என்று மாணவர்களே கதிர்ப்படம் வரைந்து கண்டுபிடிக்கும் தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து உருவாக்கியது. வகுப்பில் நன்றாக வேலையும் செய்தது.

அன்று முதல் பாடவேளை எனக்கு ஓய்வு. கைப்பேசியில் அதைத் தேட ஆரம்பித்தேன். வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட செய்திகளில் பார்த்தேன். படத்தொகுப்பில் பார்த்தேன். கூகுள் டிரைவில் ‘பெயரிடப்படாத ஆவணம்’ என்ற பெயரிலேயே பதினொரு கோப்புகள் கிடந்தன; பதினொன்றையும் திறந்தேன். பழைய மெமரி கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போய் ஆறு படங்களையும் கரும்பலகையில் நானே வரைந்தேன். மாணவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதை நான் வரைந்து முடித்துவிட்டேன்.

மதிய இடைவேளையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது எங்கள் கணக்கு சார் பேசாமல் எழுந்து போய், தன் பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அட்டையில் ‘9-ஆம் வகுப்பு, 2016’ என்று எழுதியிருந்தது. நான்கு பக்கம் புரட்டி, அந்த ஆண்டு ஜூலையில் கேட்ட வினாக்களைக் காட்டினார். “என்ன டீச்சர், ஆப்பு ஆப்புன்னு ஏத்தி வெச்சா கடைசியில நமக்கேதான் ஆப்பு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்று மாலை பேருந்தில் வரும்போது என் கைப்பேசியில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். குறிப்பெடுக்க மூன்று செயலிகள். தாள்களைப் படம்பிடித்து பிடிஎஃப் ஆக்க இரண்டு. கோப்புகளைச் சேமிக்க இரண்டு இணையக் கணக்குகள். நாள்காட்டி இரண்டு. வினாத்தாள் தயாரிக்க ஒன்று. அதை நிறுவிய பிறகு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயிற்சியிலோ, ஏதோ ஒரு நண்பர் சொல்லியோ வந்து உட்கார்ந்தவை. ஒன்றைக்கூட நான் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை.

அதன் பிறகு சுமார் ஓராண்டு எடைபோட்டுப் பார்த்தேன். அதில் நான் செய்த தவறுகளையும், இப்போது வந்து சேர்ந்திருக்கும் ஏற்பாட்டையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வருகைப்பதிவு, எமிஸ் போன்ற துறைசார் பணிகளை நான் இங்கே பேசவில்லை. அவற்றுக்குரிய செயலிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நம் சொந்த வேலைக்காக, அதாவது பாடத் தயாரிப்பு, பயிற்சித்தாள், வினாக்கள், வகுப்பில் கண்டவை ஆகியவற்றுக்காக நாமே தேர்ந்தெடுக்கும் செயலிகளைப் பற்றித்தான் பேச்சு.

எது என் வேலை?

‘எந்தச் செயலி நல்லது?’ என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். அந்தக் கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, ஒரு வாரம் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டேன். ஒன்று ‘வைத்தேன்’, மற்றொன்று ‘தேடினேன்’. எதையாவது சேமித்தால் முதல் பத்தியிலும், எதையாவது தேடினால் இரண்டாம் பத்தியிலும் ஒரு கோடு. வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால், வைத்ததைவிடத் தேடியதே அதிகம். தேடியவற்றில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில். எல்லாச் செயலிகளும் சேமிப்பது எவ்வளவு சுலபம் என்றுதான் விளம்பரம் செய்கின்றன. எனக்கு வேண்டியதோ பத்து மாதம் கழித்து, ஒரு பாடவேளைக்குள், திரும்பக் கிடைப்பது.

இந்த ஒரு வாரக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். உங்கள் பாடத்துக்கும் வகுப்புக்கும் ஏற்ப விடை வேறாக இருக்கலாம். எண்ணும் எழுத்தும் வகுப்பு எடுக்கும் என் தோழி ஒருவர் போட்டுப் பார்த்ததில், அவர் தேடியவை அனைத்துமே பாடல்களும் காணொலிகளும்தான். அவருக்குக் குறிப்புச் செயலியே தேவைப்படவில்லை. காணொலிகளைப் பாட வாரியாக உறைகளில் போட்டு வைக்க ஒரு மெமரி கார்டு போதுமானதாக இருந்தது.

வாட்ஸ்அப்பை நான் குறைசொல்லப் போவதில்லை. கையில் எப்போதும் திறந்திருப்பது அதுதான். தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் அது பேசுவதற்கான இடம். பேச்சில் வந்தது பேச்சோடு கீழே இறங்கிப் போய்விடும். ‘காலை வணக்கம்’ படங்களுக்கும், கூட்ட அறிவிப்புகளுக்கும், அலுவலகப் படிவங்களுக்கும் நடுவே என் குழியாடி எங்கேயோ புதைந்திருந்தது. காப்புநகல் எடுக்காமல் கைப்பேசியை மாற்றியதால் பழைய கோப்புகளில் பல திறக்கவும் இல்லை. அது முழுக்க என் தவறு. இப்போது எனக்கு நானே அனுப்பும் எதையும் அன்று இரவுக்குள் அதற்குரிய இடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கே அழித்துவிடுகிறேன். பேருந்து நிறுத்தத்தில் காய்கறிப் பையை வைத்திருப்பதுபோல. அதிலேயே குடித்தனம் நடத்துவதில்லை.

தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும்

இந்தச் சிக்கலை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் சொல்லாது. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் நிறைய இருக்கும். கணினியில் அவை அழகாகத் தெரியும். அதே கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக இருக்கும்.

காரணம் எளிது. அந்த எழுத்துருக்களில் நாம் தட்டுவது, கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துதான். அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கருவியில் முகமூடி கழன்றுவிடும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதனால் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும், தேடினாலும் கிடைக்கும். 2010-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தர முறைகளாக அறிவித்துவிட்டது. ஆனாலும் நம் பென்டிரைவ்களில் பழையவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அவற்றை மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. பழைய எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தெடுத்து, உரையை ஒட்டினால் ஒருங்குறியில் தரும். அறிவியல், கணித ஆசிரியர்கள் ஒரு எச்சரிக்கையை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். தமிழோடு கலந்து வரும் ஆங்கில எழுத்துகளையும் அது தமிழ் என்றே நினைத்து மாற்றிவிடும். நான் மாற்றிய பாமினி வினாத்தாள் ஒன்றில் நீரின் மூலக்கூறு வாய்பாடு ‘ர்2ழு’ என்று வந்து நின்றது. அதைக் கவனிக்காமல் அச்செடுத்திருந்தால் எட்டாம் வகுப்பில் புதுவிதமான வேதியியல் நடத்தியிருப்பேன். வாய்பாடுகள் உள்ள வரிகளை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும்.

அச்சுத்தாளாக மட்டுமே இருப்பவற்றுக்கு வேறு வழி உண்டு. தெளிவாகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதை ‘கூகுள் டாக்ஸ்’ மூலம் திறந்தால், படத்திலுள்ள தமிழ் எழுத்துகளைப் படித்து உரையாகத் தருகிறது. பிழைகள் இருக்கும், அட்டவணைகள் குலைந்து வரும். ஆனாலும் மறுபடி தட்டச்சு செய்வதைவிட நேரம் மிச்சம்.

தேடுவதிலும் தமிழுக்கென்று ஒரு பக்குவம் வேண்டும். நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறும். ‘அமிலம்’ என்று தேடினால் ‘அமிலத்தின்’, ‘அமிலங்கள்’ ஆகியவை அகப்படாமல் போகலாம். ‘அமில’ என்று பாதியில் நிறுத்தினால் மூன்றும் வரும். ‘காந்தம்’ வேண்டாம், ‘காந்த’ போதும். இந்த உத்தியை நான் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஏக மகிழ்ச்சி. கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தேன். வகுப்பு, பாடம், தலைப்பு, ஆண்டு என்ற வரிசையில் ‘9 அறிவியல் ஒளி குழியாடி பயிற்சித்தாள் 2024’. நீளமாக இருந்தாலும், இதில் எந்தச் சொல் நினைவுக்கு வந்தாலும் கோப்பு கிடைத்துவிடும்.

உள்ளே போனது வெளியே வருமா?

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. விடைத்தாள் திருத்தும்போது மாணவர்களின் தவறுகளை எழுதி வைப்பேன். மதிப்பெண்ணை எழுதுவதில்லை, தவறு எப்படி வந்திருக்கிறது என்பதை எழுதுவேன். ‘தாவரம் வேர் வழியாக மண்ணிலிருந்து உணவை எடுத்துக்கொள்கிறது.’ ‘வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றே.’ ‘கனமான பொருள் என்றால் மூழ்கியே தீரும்.’ இப்படி ஆண்டுதோறும் சேரும். அடுத்த ஆண்டு அந்தப் பாடம் நடத்தும் முன் ஒருமுறை படித்துவிட்டுப் போனால், எந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் ஆசிரியராகச் சேர்த்த சொத்து என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

காகிதத்தில் இருந்த இந்தக் குறிப்புகளை ஓர் இலவசக் குறிப்புச் செயலிக்கு மாற்றினேன். இரண்டு ஆண்டுகள் அதிலேயே எழுதினேன். பேசினால் தமிழில் தட்டச்சாகும் வசதி விசைப்பலகையில் இருந்ததால், திருத்திக்கொண்டே வாயால் சொல்லிவிடுவேன். ஒற்றுப்பிழைகள் வரும், போகட்டும். பிறகு ஒருநாள் அந்தச் செயலியின் இலவசப் பயன்பாட்டு விதிகள் மாறின. புதுக் குறிப்பு எழுத முடியவில்லை. இருப்பதை மொத்தமாக வெளியே எடுக்கலாம் என்றால் அதற்கும் கட்டணம். ஒவ்வொரு குறிப்பையும் திறந்து, திரையைப் படம்பிடித்து, சில இரவுகளில் அறுபது குறிப்புகளை மீட்டேன். அதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது. மீதி போனது போனதுதான்.

செயலி நடத்துபவர்கள் விதியை மாற்றுவது அவர்கள் உரிமை. சேவைகள் மூடப்படுவதும் புதிதில்லை. கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது. பல ஆசிரியர்கள் இணையவழி வகுப்புகளில் கரும்பலகையாகப் பயன்படுத்திய ஜாம்போர்டு 2024 டிசம்பரோடு நின்றது. ஸ்கைப் 2025 மே மாதத்தில் விடைபெற்றது. தாள்களைப் படம்பிடிக்க நம்மில் பலர் வைத்திருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஒன்று. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற வேறுபாடெல்லாம் இதில் இல்லை. குடியேறும் முன்பே வெளியேறும் வாசல் எங்கே என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே இப்போது எந்தச் செயலி வந்தாலும் ஒரு சோதனை வைக்கிறேன். பத்துக் குறிப்புகளை மட்டும் உள்ளே போடுகிறேன். அவற்றில் இரண்டில் படமும், ஒன்றில் அட்டவணையும் இருக்கும். மறுநாள் அந்தப் பத்தையும் மொத்தமாக வெளியே எடுத்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில், அந்தச் செயலி இல்லாமலேயே திறந்து பார்க்கிறேன். எழுத்தும் படமும் சரியாக இருந்தால் தேர்ச்சி. ஏறத்தாழ அரை மணி நேர வேலைதான்.

இந்தச் சோதனையில் கூகுள் டாக்ஸ் எளிதாகத் தேறியது. கோப்பை வேர்டு, ஓடிடி, பிடிஎஃப் என எந்த வடிவிலும் இறக்கலாம்; ஓடிடி என்றால் லிப்ரே ஆபீஸிலும் திறக்கும். கூகுள் கீப் நடுத்தரம். அதற்குள்ளேயே மொத்த ஏற்றுமதி கிடையாது; ‘டேக்அவுட்’ என்ற தனிச் சேவை வழியாக எடுக்க வேண்டும். இணைய உலாவியில் திறக்கும் கோப்புகளாகத் தருகிறது, படிக்கலாம். ஜோப்ளின் என்ற கட்டற்ற மென்பொருள்தான் வெளியேறும் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறது. குறிப்புகளை எளிய உரைக் கோப்புகளாகவே கொடுத்துவிடுகிறது. ஆனால் கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே அதை இணைத்து அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கணினி ஆசிரியரின் உதவி இல்லாமல் நான் முடித்திருக்க மாட்டேன். நோஷனும் முயன்றேன். அட்டவணைகளுக்கு வண்ணம் தீட்டுவதிலேயே காலாண்டு விடுமுறை கழிந்தது. பாடக்குறிப்பு ஒன்றுகூட எழுதவில்லை. அது அந்தச் செயலியின் குற்றமன்று, என் சபலம்.

இணைய இணைப்பையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு அறையில் சிக்னல் கிடைக்காது. வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். எந்தச் செயலியையும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து ஒருமுறை திறந்து பாருங்கள். வகுப்பறையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துவிடும்.

யார் கண்ணில் படும்?

நான் சொல்லத் தயங்கிய பகுதி இதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன், “செடி ராத்திரியிலதான் டீச்சர் சுவாசிக்கும்” என்றான். இதே தவறு என் குறிப்புகளில் இருக்கிறது, முந்தைய ஆண்டு மாணவர்கள் அதை எப்படியெல்லாம் எழுதியிருந்தார்கள் என்று காட்டினால் சுவையாக இருக்கும் என்று தோன்றியது. கைப்பேசித் திரையை வகுப்பறைத் தொலைக்காட்சியில் ஏற்கெனவே இணைத்திருந்தேன். அப்போது வைத்திருந்த குறிப்புச் செயலியில், எனக்குப் பெருமையான அதே உத்திப்படி, ‘இரவ’ என்று தட்டினேன். ‘இரவு’, ‘இரவில்’ எல்லாம் வந்தன. தாவரம் பற்றிய குறிப்புகள் இரண்டு. மூன்றாவதாக, அதே வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவியின் பெயரோடு, ‘அப்பா குடிப்பதால் இரவில் படிக்க முடிவதில்லை’ என்று நான் எழுதி வைத்திருந்த வரி.

சில நொடிகள்தான் திரையில் இருந்தது. இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. அவள் படித்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். அன்று மாலை தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல டீச்சர்” என்றாள். அவளிடம் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும், வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் அதட்டக் கூடாது என்பதற்காகத்தான் அதை எழுதி வைத்தேன். அவள் என்னை நம்பிச் சொன்னதை, பிம்பங்களும் அமிலங்களும் இருக்கும் அதே பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே கேட்டாள். “டீச்சர், அது இன்னும் உங்க போன்ல இருக்கா?”

அன்றைக்கே அழித்திருந்தேன். ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். உண்மையிலேயே இல்லையா? அழித்த குறிப்பு உடனே மறைவதில்லை. கூகுள் கீப்பில் குப்பைத்தொட்டியில் 7 நாள் இருக்கும், டிரைவில் 30 நாள், காப்பெடுத்த படங்கள் கூகுள் போட்டோஸில் 60 நாள். என் வீட்டு டேப்லெட்டிலும் அதே கணக்குதான் இருந்தது. வகுப்பாசிரியருக்கு அந்தக் குறிப்பைத் திரைப்படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியானால் என் படத்தொகுப்பிலும் இருக்கும், அவருடைய படத்தொகுப்பிலும் இருக்கும். “ஒரு நாள் டைம் குடும்மா, எல்லா இடத்துலயும் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். அன்று இரவு ஒவ்வோர் இடமாகப் போய் அழித்தேன். வகுப்பாசிரியரையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். ஏழு இடங்கள் இருந்தன. மறுநாள் அவளிடம் ஏழையும் சொன்னேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டு, “சரி டீச்சர்” என்றாள்.

2023-இல் இயற்றப்பட்ட மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. சட்ட நுணுக்கம் எப்படி இருந்தாலும், அந்த மாணவியின் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாத இடத்தில் அவளைப் பற்றிய எதுவும் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். குழந்தைகளின் பெயரோடு சேர்ந்த வீட்டு நிலவரம், உடல்நலம், மனக்கஷ்டம் எதுவும் இப்போது என் கைப்பேசியில் இல்லை. ஒரு நோட்டில் எழுதுகிறேன். அது பீரோவில் பூட்டியிருக்கிறது. கணக்கு சாரின் வழிதான்.

தவறுகள் பற்றிய குறிப்பில் பெயர் இருக்காது. தவறு மட்டும் இருக்கும். மதிப்பெண் பட்டியலை டிரைவில் வைத்தால் ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற பகிர்வை ஒருபோதும் கொடுப்பதில்லை. அவசரத்துக்கு அப்படிக் கொடுத்துவிட்டு மறந்த பட்டியல்கள் உங்களிடமும் இருக்கலாம், இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் வினாக்கள் தயாரிக்கச் சொல்லிக் கேட்கிறேன், அது பயனுள்ளதே. ஆனால் மாணவர் பெயருள்ள பட்டியலையோ விடைத்தாள் படத்தையோ அங்கே ஒட்டுவதில்லை.

இப்போது இருப்பவை

செயலிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. பாடத் தயாரிப்பு, பயிற்சித்தாள், வினாக்கள், தவறுக் குறிப்புகள் எல்லாம் கூகுள் டிரைவில் வகுப்பு வாரியான உறைகளில். இந்த வாரம் செய்ய வேண்டிய சில்லறைக் குறிப்புகள் கீப்பில். அவை அழிந்துபோனாலும் எனக்கு இழப்பில்லை. ஒரே ஒரு நாள்காட்டி. தாள்களைப் படம்பிடிக்க டிரைவிலேயே இருக்கும் வசதி போதும். நோட்டும் பேனாவும் தனி.

டிரைவ்தான் சிறந்தது என்று நான் வாதிட மாட்டேன். என் வேலைக்கு ஒத்துவருகிறது, வெளியேறும் வாசல் இருக்கிறது, ஆய்வகக் கணினியிலும் திறக்கிறது, அவ்வளவே. அதிலும் கணக்கு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி என்பது மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் முதல் படங்களும் இதில் அடக்கம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வாட்ஸ்அப் காப்புநகலும் இப்போது இதற்குள்தான். ஆண்டு விழாக் காணொலிகள் இரண்டை ஏற்றினால் பாடங்களுக்கு இடமிருக்காது. காணொலிகளைத் தனி மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை டிரைவிலுள்ள உறைகளை ஒரு பென்டிரைவில் இறக்குகிறேன். பருவத் தேர்வு முடிந்ததும் அதே கோப்புகள் பள்ளிக் கணினியிலும் ஒரு நகலாகப் போய்ச் சேரும். இதில் இன்னொரு நோக்கமும் உண்டு. நம் சொந்தக் கணக்கில் இருப்பது பணிமாறுதலின்போது நம்மோடு போய்விடும். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத சொந்தக் கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேரின் உழைப்பு கடவுச்சொல்லோடு சேர்ந்து மறந்துபோயிருக்குமோ!

எங்கள் கணக்கு சாருக்கு அடுத்த மே மாதம் ஓய்வு. அவருடைய நீள நோட்டுகள் பீரோவில் பதினான்கு இருக்கின்றன. “இதையெல்லாம் உன் டிரைவுல ஏத்த முடியுமாம்மா?” என்று ஒருநாள் அவராகவே கேட்டார். என்னுடையதில் வேண்டாம் சார், பள்ளிக் கணினியில் வைப்போம், ஒரு நகல் உங்களுக்கு என்றேன். ஒத்துக்கொண்டார். மதிய இடைவேளையில் தினம் இருபது பக்கம் படம்பிடிக்கிறோம். இப்போது ஒன்பதாவது நோட்டு. படம் எடுக்கும் முன் அவர் ஒருமுறை புரட்டி, சில பக்கங்களின் ஓரத்தை மடித்துவிட்டுத்தான் நோட்டை என்னிடம் தருகிறார். பிள்ளைகளின் பெயர் போட்டு எழுதிய பக்கங்கள் அவை. அவற்றை நான் படமெடுப்பதில்லை.